நடுவர்

அவரை நாங்கள் நடுவர் என்போம், அவர் காதில் விழாமல். தீர்ப்புச் சொல்லும் நடுவர் அல்ல. எந்தப் படம் எடுத்தாலும் நடுவில் நிற்பவர் என்பதால் நடுவர். பெயர் வைத்த புண்ணியம் என்னுடையது. வைத்த அன்று அது வெறும் கிண்டல்தான். தீர்ப்பும் அவரே சொல்லும் நாள் ஒன்று வரும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

பெங்களூர் தொம்மலூரில், வண்டி திரும்ப முடியாத ஒரு சந்தில், மாடியில் எங்கள் ஆபீஸ். கல்யாண மண்டபம், பட்டுப்புடவைக் கடை, காபித் தோட்டத்து ரிசார்ட் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெப்சைட் கட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. முதலாளியை விட்டால் பதினோரு பேர். நடுவர்தான் எங்களுக்கு லீட், வேலையைப் பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். வாட்ச்மேனையும் முதலாளியையும் ஒரே ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். நான் இந்த ஊர் மர்பி டவுன்காரி. எங்கள் தெருவில் பாசம் முற்றினால் கெட்ட வார்த்தைதான் வரும். அப்படி வளர்ந்தவளுக்கு அந்த ‘ங்க’ எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சேர்ந்த மாதமே கவிழ்ந்துவிட்டேன். ஆபீசில் முதலாளி உட்பட எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவரை மட்டும் நான் அண்ணா என்றேன்.

ஆயுத பூஜைக்கு ஒரு படம், பிறந்தநாள் கேக்குக்கு ஒரு படம், யாராவது வேலையை விட்டுப் போனால் அதற்கும் ஒரு படம். அவர் ஒருநாளும் முண்டியடித்து வந்ததில்லை. கடைசி ஆளாகத்தான் வருவார். நாங்கள் வரிசையாக நின்று, வயிற்றை எக்கிக்கொண்டு, சிரிப்பைத் தயாராக வைத்திருக்கும்போது, “ஏனுங்க, எனக்கும் ஒரு எடம் இருக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே வருவார். எங்கே இடம் என்று அவர் கண் முன்பே அளந்திருக்கும். நடுவில் நிற்கும் இரண்டு பேருடைய தோளிலும் கையைப் போடுவார். அன்பாகத் தோளில் கை போட்டவரை யார்தான் ஓரமாக நில் என்று சொல்ல முடியும்? அந்த இரண்டு பேரும் ஆளுக்கு ஓரடி விலகுவார்கள். அவர்கள் விலக, அடுத்தவர் விலக, கடைசியில் என்னைப் போல ஓரத்தில் நிற்பவள் போய்த் தண்ணீர் கேனில் இடித்துக்கொள்வாள்.

மதியச் சாப்பாட்டிலும் நீள மேஜையின் நடு நாற்காலிதான். ஆள் இல்லாத லிஃப்டிலும் நட்ட நடுவில்தான் நிற்பார். போன மாதம் மெட்ரோவில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அத்தனை கம்பி இருக்க, பெட்டியின் நடுவில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். அது நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் இல்லை.

அவருடைய இந்தப் பழக்கத்துக்கும் என் வேலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. வெப்சைட்டில் ஒரு படத்தை ஒரே அளவில் பெரிதாக வைத்தால், போனில் அது திறப்பதற்குள் பார்க்க வந்தவன் ஓடிவிடுவான். சின்னதாக வைத்தால் பெரிய திரையில் மங்கித் தெரியும். அதனால் சைட்டைக் கட்டி வெளியே அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு படத்தை வாங்கி மூன்று படமாக்கித் தள்ள ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். அப்படிக் கட்டுவதை நாங்கள் பில்டு என்போம். அந்த ஸ்கிரிப்டை எழுதியவள் நான். பெரிய திரைக்கு முழுப் படம். டேப்லெட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிய படம். போனுக்கு இன்னும் வெட்டி, நடுவில் இருக்கும் சதுரம் மட்டும். எந்த இடத்தை விட்டு எந்த இடத்தை வெட்டுவது என்று கேட்டபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“நடுவைக் காப்பாத்துங்க. மத்தது போனாப் போவுதுங்க.”

முதலில் மாட்டியது ஒரு கல்யாண மண்டபம். முகப்புப் படத்தில் இடது கோடியில் பெண், வலது கோடியில் மாப்பிள்ளை, இருவருக்கும் நடுவில் ஆள் உயரக் குத்துவிளக்கு. பெரிய திரையில் கண்கொள்ளாக் காட்சி. போனில் குத்துவிளக்கு மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தது. “ஏன்ரீ இது, சத்ரானா, தேவஸ்தானானா?” என்று மண்டபத்துக்காரர் கத்தினார், இது கல்யாணச் சத்திரமா கோயிலா என்று. நடுவர் அசரவில்லை. தட்டுத்தடுமாறிய கன்னடத்தில், விளக்கு மங்களம் என்றும், ஆளைக் காட்டாமல் விளக்கைக் காட்டுவதுதான் இப்போது ஸ்டைல் என்றும் பூசி மெழுகினார். மண்டபத்துக்காரர் சந்தோஷமாகத்தான் போனை வைத்தார்.

அதற்குப் பிறகு ஸ்கிரிப்டை மாற்றினேன். படத்தில் எது முக்கியமோ அந்த இடத்தை முன்பே குறித்து வைத்தால் வெட்டு அதைச் சுற்றி விழும். புடவைப் படத்தில் முந்தானை, ரிசார்ட் படத்தில் அருவி. ஆட்கள் எட்ட எட்ட நின்றால், வெட்டவே வெட்டாமல் முழுப் படத்தையும் போனுக்கு ஏற்றபடி சுருக்கி அனுப்பவும் ஒரு வழி வைத்தேன். அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். மேஜையைத் தட்டி, “பிரமாதமுங்க!” என்றார். அது பொய்ப் பாராட்டு இல்லை. வேலை தெரிந்தவர் அவர், அடுத்தவர் வேலையை மதிக்கவும் தெரிந்தவர். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒன்றும் தெரியாதவர் செய்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

அந்த ஸ்கிரிப்டைப் பற்றிப் பேச வெளியே ஒரு கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். எங்களையும் அழைத்துப் போனார். “நாங்க எழுதினோமுங்க, நாங்க யோசிச்சோமுங்க” என்று மேடையின் நடுவில் நின்று அருமையாகப் பேசினார். அந்த ‘நாங்க’வில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கடைசி ஸ்லைடில் என் பெயரையும் போட்டிருந்தார், கீழே வலது மூலையில். அந்த ஹாலில் இருந்த புரொஜெக்டர் திரையின் ஓரத்தைத் தின்றுவிட்டது. என் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. அது அவர் குற்றமா? இல்லை. நடுவரைப் பற்றி என்ன சொன்னாலும் இப்படித்தான் முடியும். எதுவும் அவர் குற்றமாக இருக்காது.

பிறகு எங்கள் சைட்டுக்கே ஒரு டீம் படம் போடலாம் என்று முதலாளிக்குத் தோன்றியது. மொட்டை மாடியில் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். போட்டோகிராபர் கன்னடக்காரர். இடது கோடியில் நின்ற என்னைப் பார்த்து, “மேடம், ஸ்வல்ப ஹத்ர பன்னி” என்றார். கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள் என்று அர்த்தம்.

“ஏனுங்க, உங்களைப் போயி பன்னிங்கறாரு பாருங்க!” என்று நடுவிலிருந்து குரல் வந்தது.

பெங்களூருக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு தமிழரும் முதல் வாரத்திலேயே சொல்லித் தீர்த்துவிடும் ஜோக் அது. அவர் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் சொன்னார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் படத்தில் விழுந்தது. உண்மையிலேயே நல்ல படம். இடது கோடியில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். வலது கோடியில் டெஸ்டிங் பார்க்கும் ஷாலினி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிறாள். நடுவில் அவர், இரண்டு தோளில் இரண்டு கையும் போட்டபடி.

என் அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆபீசில் இருந்ததும் மேஜைக் கம்ப்யூட்டர்தான், வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அப்பாவால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கம்பெனி சைட்டில் என் படம் வந்திருக்கிறது என்றதும் வேன் ஸ்டாண்டில் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு போனில் திறந்திருக்கிறார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

“இன்னா பாப்பா, இதுல நீ எங்க கீற?”

“ஓரத்துலப்பா. லெப்ட்ல கடைசி.”

“லெப்ட்ல ஒரு கண்ணாடி போட்டவன் கீறான். அவனுக்கே பாதி காதுதான் கீது. நீ இல்லியே.”

முழுப் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினேன். அது செல்லாது என்றுவிட்டார். “இது நீ அனுப்பினது பாப்பா. கம்பெனி போட்டுகீறதுல நீ கீறியா இல்லியா, அத்த சொல்லு.” ஸ்டாண்டில் யாரோ அப்படிக் கேட்டிருக்க வேண்டும். அப்பாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் அப்பா வேன் ஸ்டாண்டில் நின்றிருந்தால் தெரியும்.

மறுநாள் அவரிடம் போனேன்.

“அண்ணா, நம்ம டீம் படத்த போன்லயும் முழுசா விட்டுடலாமே. நான் அப்டிதான் வெச்சிருந்தேன். யாரோ எடுத்துட்டாங்க.”

“நான்தானுங்க எடுத்தேன்.” ஒளிக்கவில்லை. “பதினோரு பேரை அந்தச் சின்ன ஸ்கிரீன்ல போட்டா மூஞ்சி கடுகாட்டந் தெரியுமுங்க. ஒருத்தருமே தெரியாததுக்கு நாலு பேராவது தெரிஞ்சாப் போதாதுங்களா?”

“எங்கப்பாவுக்கு நான் தெரியலண்ணா.”

“பெரிய ஸ்கிரீன்ல பாக்கச் சொல்லுங்க. அதுல நீங்க இருக்கறீங்கல்ல?”

வாதத்தில் ஓட்டை இல்லை. கடுகு கடுகுதான். அந்த நாலு பேரில் ஒருவர் எப்போதும் யார் என்பதை மட்டும் அந்தக் கணக்கு சொல்லாது.

அவர் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஸ்டாண்டில் போனை நீட்டும்போதெல்லாம், “எம் பொண்ணு இதுல கீறா. போன்ல தெரியாது. பெரிய ஸ்கிரீன்ல தெரியும்” என்பார். கோயிலில் திரை போட்டிருக்கும்போது உள்ளே சாமி இருக்கிறது என்று சொல்கிறவர் போல அவ்வளவு நிச்சயமாகச் சொல்வார்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. அந்த வாரமே, என் முகம் தொங்கிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவர் என்னைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனார். இரண்டு டீ சொல்லிவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

“அஞ்சாவது படிக்கறப்ப க்ளாஸ் போட்டோ எடுத்தாங்க. என்னைய ஓரத்துல நிக்க வெச்சுட்டாங்க. பிரிண்ட் போட்டு வந்தா பாதி மூஞ்சிதான் இருக்குது. ஒரு கண்ணு, அரை வாய். அதையும் என்ற அம்மா ஃப்ரேம் போட்டு மாட்டீட்டாங்க. வர்றவங்க எல்லாம் யாரு இந்த அரையாளுன்னு கேப்பாங்க. பள்ளிக்கூடத்துல எனக்கு அரையாளுன்னே பேராகிப்போச்சுங்க.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது. தோளில் வந்து விழும் அந்தக் கைகள் எங்கிருந்து வருகின்றன என்று அன்றுதான் புரிந்தது. ஓரம் எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர், நம்மை எப்படியும் உள்ளே இழுத்துக்கொள்வார் என்று நம்பி மாடியேறினேன். அந்த வலி தெரிந்தவர் மறுபடி ஓரத்துக்குப் போகாமல் இருக்க யாரை வேண்டுமானாலும் அங்கே நிறுத்துவார் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கொஞ்ச காலத்தில் ஆர்டர்கள் குறைந்தன. படத்தையும் நாலு வரியையும் கொடுத்தால் சைட்டைத் தானாகவே கட்டித் தரும் சாமான்கள் வந்துவிட்ட பிறகு எங்களை யார் கூப்பிடுவார்கள்? இரண்டு பேரைக் குறைக்க வேண்டும், யார் என்று லீட் சொல்லட்டும் என்று முதலாளி கையைக் கழுவிக்கொண்டார். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும். அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருமினால்கூட வெளியே கேட்கும்.

ஒருநாள் மதியம் என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். அங்கே இருப்பது வட்ட மேஜை. எந்த நாற்காலியும் நடு நாற்காலி இல்லை என்பதாலோ என்னவோ, அன்று அவர் உட்காராமலே பேசினார்.

“மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க. கம்பெனியே மூடற நெலமை. எல்லாருமே போறதுக்கு நாலு பேராவது நின்னாப் போதாதுங்களா?”

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அப்போது கடுகைப் பற்றிச் சொன்னார்.

“பில்டு ஸ்கிரிப்ட இனிமே யாருண்ணா பாத்துப்பாங்க?”

“அது தன்னால ஓடுதுங்களே. நீங்க அவ்வளவு நல்லா எழுதியிருக்கறீங்க.”

வேலையை நன்றாகச் செய்ததால்தான் வேலை போகிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரே, மரியாதையாக, நிஜமான வருத்தத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மர்பி டவுன்காரிக்குக் கத்தச் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘ங்க’ போட்டு ஓரங்கட்டுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை. நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. போகிறவர்களுக்குப் படம் எடுக்கும் வழக்கத்தை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

என்னோடு வேலை போனவர், டீம் படத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற டிசைனர். இடது ஓரத்தின் கடைசி இரண்டு பேர். தற்செயலா என்று எனக்குத் தெரியாது. தற்செயல் என்றுதான் அவர் சொல்வார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்ததும் சேர்த்தே சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பி, அல்சூரில் ஒரு தோழி வீட்டில் உட்கார்ந்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஸ்டாண்டில் போனை நீட்டிக்கொண்டிருந்தார். போனில் நான் அன்றும் இல்லை, இப்போதும் இல்லை. அவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

அப்போதுதான் ஷாலினி கூப்பிட்டாள். வேலையை விட்டுப் போனவர்கள் சைட்டில் இருக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். புதுப் படம் எடுக்கப் பணம் தர மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

“அவரு என்னா பண்ணாரு தெரியுமாடி? படத்த தொடவே இல்ல. உன் ஸ்கிரிப்ட்ல பெரிய சைஸுக்குன்னு ஒரு லைன் இருந்துச்சில்ல, நம்ம சைட்டுக்கு மட்டும் அத்த தூக்கிட்டாரு. இப்போ எவ்ளோ பெரிய ஸ்கிரீன்ல பாத்தாலும் டேப்லெட் படந்தான் வருது. லெப்ட்ல நீங்க ரெண்டு பேரும் காலி. ஆனா வெட்டு ரெண்டு பக்கமும் விழும் இல்ல? ரைட்ல நானும் காலி! நான் இன்னும் வேலையில கீறேன்டி!”

“கேட்டியா அவர?”

“கேட்டேனே. ‘அடுத்த படத்துல பாத்துக்கலாமுங்க’ன்னாரு.”

என்ன சுத்தமான வேலை! கோபத்தோடு கோபமாக அதையும் நினைத்தேன். ஒரே ஒரு வரி. என் வரி. அதை எடுத்தால் யார் யார் காணாமல் போவார்கள் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவில் சித்தப்பா வீட்டுக்குப் புது டிவி வந்தது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா மகன் லாப்டாப்பை ஒயரில் மாட்டி அவனுடைய கல்யாணப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பா படங்களைப் பார்க்கவில்லை. டிவியின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“டேய், பாப்பா கம்பெனிய இதுல போடு. இதுதான் பெரிய ஸ்கிரீன். இதுல தெரியும்.”

“வேணாம்பா, அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

“இன்னாத்துக்குடி வெக்கப்படுற?” என்றாள் சித்தி. எல்லோரும் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

படம் வந்தது. லேசான மங்கல். சின்னப் படத்தை அவ்வளவு பெரிதாக இழுத்தால் மங்கத்தான் செய்யும். நடுவில் அவர், கதவு அகலத்துக்கு, ஜோக்கைச் சொல்லி முடித்த முகத்தோடு. அவருக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றிய ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார்கள். நான்தான் அதில் இல்லை.

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு டிவியின் கறுப்புச் சட்டத்துக்கு வெளியே, சுவரையும் கொஞ்சம் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமோ சந்தேகமோ எதுவும் இல்லை.

“இத்த வுடப் பெருசு வோணுமா பாப்பா?”

ஆமாம்பா என்றேன்.